ஆடியவர் எழுத வந்தால்

கேள்வி: கல்லூரி கூடைப்பந்து அணியில் மூன்று வருடம் ஆடினேன். முழங்காலில் தசைநார் கிழிந்ததோடு ஆட்டம் முடிந்தது. விளையாட்டுச் செய்தி எழுத ஆசை. அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகையாளர் கிராண்ட்லண்ட் ரைஸும் இப்படி வந்தவர்தானாமே? ஆடிய அனுபவம் எழுத்துக்கு உதவுமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஆமாம், டென்னசியில் 1880-ல் பிறந்த ரைஸ், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆடியவர். 1901-ல் பட்டம் வாங்கிய கையோடு நாஷ்வில் பத்திரிகை ஒன்றில் சேர்ந்தார். அட்லாண்டா, கிளீவ்லாந்து, மறுபடி நாஷ்வில் என்று சுற்றி நியூயார்க் போய்ச் சேர 1911 ஆகிவிட்டது. இந்தப் பத்து வருடத்தை யாரும் சொல்வதில்லை.

ஆடிய அனுபவம் கண்ணுக்கு உதவும். கேலரியில் இருப்பவர் பந்தைப் பார்ப்பார். நீங்கள் ஸ்கிரீன் போட்டு வழிவிட்டவரைப் பார்ப்பீர்கள். சிக்கலும் அங்கேதான். 'ஸ்கிரீன்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் பாதிப் பேருக்குப் புரியாது. 'தடுக்க வந்தவரின் வழியில் அசையாமல் நின்றார்' என்று ஒரு தடவை விளக்கிவிடுங்கள்.

ரைஸின் புகழ்பெற்ற செய்தி 1924 அக்டோபர் 18 அன்று நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பற்றியது. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி ராணுவ அணியை 13–7 என வென்றது. நோட்டர் டேமின் நான்கு ஆட்டக்காரர்களைப் பைபிளில் வரும் அழிவுக் குதிரைவீரர்களாக்கி, அக்டோபர் வானத்தின் பின்னணியில் நான்கு குதிரைவீரர்கள் என்று தொடங்கி, பஞ்சம், கொள்ளைநோய், அழிவு, மரணம் என்று அடுக்கி, அதெல்லாம் புனைபெயர், அசல் பெயர் ஸ்டுல்ட்ரெஹர், மில்லர், க்ரௌலி, லேடன் என்று முடித்தார். பத்திரிகையாளர் இருக்கை மேலே, ஆடுகளம் கீழே. வானம் எப்படிப் பின்னால் தெரிந்தது என்று பிறகு வந்தவர்கள் கேலி செய்தார்கள். கேலி நியாயம்தான். உங்கள் இருக்கையிலிருந்து தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. ரைஸ் அட்லாண்டாவில் இருந்தபோது, டை காப் என்ற இளம் பேஸ்பால் வீரரைப் புகழ்ந்து பல பெயர்களில் ரைஸுக்குத் தகவல்கள் வந்தன. நம்பி எழுதினார். அனுப்பியது தானேதான் என்று காப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இன்று அது வாட்ஸ்அப்பில் வரும். பழைய அணித் தோழியிடமிருந்தும் வரும்.

பழக, மாவட்டப் போட்டிகளுக்குப் போங்கள். நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: நேரம், ஸ்கோர், நடந்தது. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரர் மேசையில் கேட்டு ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுங்கள். அரை மணி நேரத்தில் 250 சொல். யார், யாரை, எத்தனைக்கு எத்தனை, எங்கே என்பது முதல் இரண்டு வாக்கியத்திலேயே வரட்டும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஜம்ப் பாலில் ஆரம்பித்தால் நாலாம் குவார்ட்டருக்கு இடம் இருக்காது. பெயரையும் இனிஷியலையும் பயிற்சியாளரிடம் கேட்டுச் சரிபாருங்கள். ஷீட்டில் கையெழுத்து மோசமாக இருக்கும்.