மலைவீட்டில் சமையலறையும் குளியலறையும்: வாசகர் கேள்வி – பதில்

சமையலறையையும் குளியலறையையும் புதுப்பிக்க நினைக்கும் வாசகர்கள் நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். பெரிய சன்னல், மர அலமாரிகள், சன்னலோரம் செடிகள் என்று இயற்கையோடு ஒட்டிய அமைப்பு வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் மழைக்காலத்தில் சுவர்களில் நீர் கோத்து, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. மரம் வைக்கலாமா? – ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: வைக்கலாம், ஆனால் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மழை கசிகிறது என்று நினைத்துப் பலர் வெளிச்சுவருக்குப் பூச்சு மேல் பூச்சாகச் செலவழிக்கிறார்கள். மலைவீட்டுச் சமையலறையில் சுவர் வியர்ப்பதற்குப் பெரும்பாலும் வீட்டுக்குள் உண்டாகும் நீராவியே காரணமாக இருக்கிறது. சமையல் எரிவாயு எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று மேலாக நீர் பிறக்கும். அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள், சோறும் சாம்பாரும் கொதித்து வெளியேறும் ஆவியைக் கணக்கில் சேர்க்காமலே, 20 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் உங்கள் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். 20 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், ஏறத்தாழ 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கத் தொடங்கும். மார்கழி இரவில் கொடைக்கானல் வீட்டின் வெளிச்சுவர் அதைவிடக் குளிர்ந்திருப்பதில் வியப்பில்லை.

ஆகவே செலவு செய்வதானால் முதலில் நீராவியை வெளியேற்றும் வழிக்குச் செலவு செய்யுங்கள். குழாய் வழியே வெளியே காற்றைத் தள்ளும் சிம்னிதான் உங்களுக்கு வேண்டும். கரி வடிகட்டி வழியாகக் காற்றைச் சுற்றி அறைக்குள்ளேயே விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் குறைக்கலாம்; நீராவியை அது ஒன்றும் செய்யாது. சமவெளியில் அழகாகத் தோன்றும் என்பதற்காக அதை இங்கே வாங்குவது வீண். ஈரப்பதத்தை உணர்ந்து தானே ஓடி, ஈரம் குறைந்ததும் தானே நிற்கும் எக்ஸாஸ்ட் மின்விசிறியும் நல்லது. குளிருக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கும் நம் வழக்கத்துக்கு அது ஏற்ற மாற்று.

அலமாரிகளை வெளிச்சுவரை ஒட்டி அறையாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று புகும்படி நிறுத்தினால், பின்புறப் பூஞ்சணம் பெரிதும் அடங்கும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தை நன்கு உலர்த்திப் பதப்படுத்தியிருந்தால் கதவுகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அறைக்கு மரமே வேண்டாம், கல் பலகையும் எஃகுச் சட்டமும் போதும். காய்கறித் தட்டுகளுக்கு உண்ணிச்செடிக் கழிகளைப் பரிந்துரைக்கிறேன். நம் காடுகளை மூடிக் கெடுத்த அந்த அயல்செடியின் தண்டை வேகவைத்து, பட்டையை உரித்து, வளைத்து அறைகலன் செய்யும் கைத்தொழில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினரிடம் இருக்கிறது. உலகம் சுற்றிவந்த உண்ணிச்செடி யானைச் சிற்பங்களைச் செய்தவர்களும் அவர்களே. இடைவெளியுள்ள தட்டு என்பதால் உருளைக்கிழங்குக்கும் பூண்டுக்கும் காற்று கிடைக்கும்.

சன்னல் கிழக்கிலோ தெற்கிலோ அமையட்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதாலும், பிற்பகலில் மூட்டம் ஏறிவிடுவதாலும், காலை வெயிலை இழந்த சமையலறை அன்று முழுவதும் காயாது. அந்தச் சன்னலோரத்தில் புதினா, கொத்தமல்லி, ரோஸ்மேரி மூன்றும் வளரும். ரோஸ்மேரிக்கு மட்டும் மண் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். சன்னலுக்குக் கம்பிவலை கட்டாயம். குரங்குகளுக்கு உங்கள் செடி அலங்காரம் அன்று, சிற்றுண்டி.

கேள்வி: குளியலறைக்கு வெந்நீர் வசதி செய்ய வேண்டும். கேஸ் கீசர் மலிவு என்கிறார்கள். சோலார்தான் இயற்கைக்கு நல்லது என்கிறான் மகன். கடைக்காரர் ஹீட் பம்ப் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? – ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

பதில்: குளியலறைக்குள் கேஸ் கீசர் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. காற்று போதாமல் வாயு எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்வதால், தலை சுற்றுகிறதே என்று உணர்வதற்குள் குளிப்பவர் விழுந்துவிடக்கூடும். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். போதாததற்குக் குளிருக்காகக் காற்றுத்துளையைத் துணி வைத்து அடைப்பவர்களும் உண்டு. அறைக்குள் கரியடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் இந்த மலைகளில் வந்திருக்கின்றன. காரணம் இதே வாயுதான். கேஸ் கீசர் வைத்தே தீர வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில், மேற்கூரையின் கீழ் வைத்துக் குழாயில் வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

உடனடியாகச் சூடாக்கும் சிறிய மின் கீசரையும் தவிர்க்கச் சொல்வேன். குளிர்காலத்தில் உங்கள் தொட்டி நீர் 15 டிகிரி என்று கொள்வோம். அதை 40 டிகிரிக்கு உயர்த்த, 3 கிலோவாட் கருவியால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர் அளவே தர முடியும். சென்னையில் நன்றாக வேலை செய்யும் அதே கருவி இங்கே நூலாக ஒழுகுவதற்குக் காரணம் பழுது அன்று, வெப்பக் கணக்கு. 25 லிட்டர் சேமிப்புக் கீசரில் நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீர் கலந்து எடுத்தால், 40 டிகிரியில் 45 லிட்டர் கிடைக்கும். வாளியில் மொண்டு குளிக்கும் இருவருக்கு அது போதும், மின்சாரமும் ஏறத்தாழ 1.3 யூனிட்தான்.

உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சோலார் வைப்பதானால் தட்டை வகையைவிட வெற்றிடக் குழாய் வகை மலைக்கு ஏற்றது. தட்டை வகையின் செப்புக் குழாய்களில் தங்கும் நீர் உறைபனி இரவில் விரிந்து குழாயை வெடிக்கச் செய்துவிடும். உதகைப் பள்ளத்தாக்குகளில் இது உண்மையான ஆபத்து, குன்னூர்ச் சரிவுகளில் அரிது. ஆனால் வடகிழக்குப் பருவமழை உங்கள் ஊரில்தான் கனத்துப் பெய்கிறது. வெந்நீர் மிகவும் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும் என்பதால், மின்சாரத் துணைச் சூடேற்றி இல்லாத சோலாரை வாங்க வேண்டாம். ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்கு மாற்றுவது. வெப்பமான ஊரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும், காற்று குளிரக் குளிர அந்த ஆதாயம் குறையும். விடுதி நடத்துபவருக்கு அது பயன்படும். இருவர் வாழும் வீட்டுக்கு அத்தனை முதலீடு தேவையில்லை.

எதை வாங்கினாலும், கருவியிலிருந்து குளியலறை வரையுள்ள குழாயின் நீளத்தைக் குறைத்து, அதற்கு நுரை உறை போடுங்கள். அரை அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு லிட்டரோ அதற்கு மேலோ குளிர்ந்த நீரை வீணே திறந்துவிட்ட பிறகுதான் வெந்நீர் வரும். சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இருபுறமும் அமைந்த வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: கூரை இல்லாத முற்றம் போல, கூழாங்கல் பரப்பி, செடிகள் சூழ்ந்த குளியலறை கட்ட ஆசை. செடிகள் காற்றையும் சுத்தம் செய்யுமாமே? – ஒரு வாசகர், கூடலூர்

பதில்: தென்மேற்குப் பருவமழை கொட்டும் கூடலூரில் கூரை இல்லாத குளியலறையை ஆண்டில் பாதி நாள் பயன்படுத்த முடியாது. கூழாங்கல்லில் பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவுவது பெரும்பாடு. வயதானவர்கள் இருக்கும் வீடானால் வழுக்காத மேட் டைல்தான் சரி. கூரையில் ஒரு பகுதிக்குக் கண்ணாடி போட்டு வெளிச்சத்தை உள்ளே விடுங்கள், பெரணிகள் அந்த ஈரத்திலும் மங்கல் ஒளியிலும் தழைக்கும். அவற்றை நாற்றங்காலில் வாங்குங்கள், சோலைக்காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு, 1989இல் நாசா மூடிய பெட்டிகளில் செய்த சோதனையிலிருந்து பரவியது. காற்று வந்துபோகும் சாதாரண அறையில் அப்பயன் பொருட்படுத்தத்தக்கதன்று என்று பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பாய்வு காட்டியது. கண்ணுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காகவே செடி வைக்கலாமே!

கேள்வி: சமையலறை, குளியலறைக் கழிவுநீரை வீட்டின் மேல்புறத்தில் உறிஞ்சுகுழி தோண்டித் தோட்டத்துக்கே விடலாம் என்று இணையத்தில் பார்த்தேன். காய்கறிக் கழிவை உரமாக்கும் தொட்டியும் வைக்க எண்ணம். – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சமதரையில் நல்ல யோசனை, வெட்டிய சரிவில் அதையே செய்தால் ஆபத்து. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணுக்குள் தேங்கும் நீர் அதன் பிடிமானத்தைத் தளர்த்துகிறது. ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நீரை இறக்கிக்கொண்டே இருக்கும் உறிஞ்சுகுழி, தடுப்புச் சுவருக்கு மேலே இருந்தால், மழை வருவதற்கு முன்பே அந்தச் சுவரைச் சோதித்துக்கொண்டிருக்கும். கழிவுநீரை வடிகட்டி, கசியாத குழாயில் வீட்டுக்குக் கீழ்ப்புறம் கொண்டுசென்று, பரவலாகச் செடிகளுக்குப் பிரித்துவிடுங்கள். மழைநாளில் வடிகாலுக்குத் திருப்பும் வால்வு ஒன்றும் இருக்கட்டும். தடுப்புச் சுவரில் நீர் வெளியேற விட்டிருக்கும் துளைகளான நீர்க்கண்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

மழைநீரையும் குழியில் இறக்காமல் தொட்டியில் சேமியுங்கள். 80 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டர் வரை சேரும், கழிப்பறைக்கு அதுவே போதும். உரத்தொட்டியை மூடியிட்டுப் பூட்டுங்கள், அதில் எண்ணெயும் சமைத்த உணவும் சேர வேண்டாம். கோத்தகிரியில் கரடிக்கு வழிகாட்டத் தேவையில்லை.

கேள்வி: குரலுக்கு ஓடும் விளக்கு, கை நீட்டினால் திறக்கும் குழாய், இண்டக்‌ஷன் அடுப்பு: இவற்றில் எவை மலைவீட்டுக்குப் பயன்படும்? – ஒரு வாசகர், உதகை

பதில்: குரலுக்கு ஓடும் விளக்கு உங்கள் விருப்பம். உணரிக் குழாய்களில் மண்துகள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டி வைக்காமல் வாங்காதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பை நான் ஆதரிக்கிறேன், ஏனெனில் அது காற்றில் நீராவியையும் புகையையும் கூட்டாது. ஆனால் 1932 முதல் பைக்காரா ஆற்றில் மின்சாரம் எடுக்கும் மாவட்டமாக இருந்தும், காற்று மழையில் மரம் விழுந்தால் நமக்கு மின்தடைதான். எரிவாயு அடுப்பு ஒன்று கூடவே இருக்கட்டும். எந்த அடுப்பானாலும் உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பருப்புக்கு குக்கர் இன்றியமையாதது. குளியலறை, சமையலறை மின்சுற்றுகளுக்கு மின்கசிவு நேர்ந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தி, பாறை நிலத்தில் எர்த்திங் சரியாக இறங்கியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் வாங்கச் சொல்கிறேன்: வாயுக்கசிவு எச்சரிக்கைக் கருவி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; சரிவில் படிப்படியாகக் கட்டிய வீட்டில் அது சமையலறையிலிருந்து படி வழியாகக் கீழ்நிலை அறைக்கு இறங்கித் தேங்கும். எனவே ஒரு கருவியைச் சமையலறையில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள்ளும், இன்னொன்றைக் கீழ்நிலை அறையில் அதே உயரத்திலும் பொருத்துங்கள்.