சாவு முதலில், காதல் கடைசியில்: டீச்சரிடம் கேள்வி பதில்

எங்கள் தருமபுரி வாசிப்பு வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்டது அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' (ஆங்கிலத்தில் 1997, தமிழில் ஜி. குப்புசாமி). கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண் அம்முவுக்கும் தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்ட தச்சன் வெளுத்தாவுக்கும் நடுவில் வரும் காதல். கதை முழுக்க இங்கே வெளிப்பட்டுவிடும். படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம், ஏன் என்பது முதல் பதிலிலேயே இருக்கிறது.

பாலக்கோடு: டீச்சர், முதல் அத்தியாயத்திலேயே அம்முவின் அண்ணன் மகள் சோஃபி மோளின் சவ அடக்கம். அம்முவும் செத்துவிட்டாள் என்று சொல்லிவிடுகிறார். பிறகு மீதியை எதற்குப் படிப்பது?

பாரதக் கூத்து பார்க்காமலா பாலக்கோட்டில் வளர்ந்தீர்கள்? கடைசி நாள் துரியோதனன் படுகளம் என்று நோட்டீஸிலேயே அடித்திருக்கும். ஆனாலும் துகிலுரிதல் அன்றைக்கு விடிய விடியக் கூட்டம் கலையாது. ராயும் இதே நாவலில் ஒரு கோயில் இரவில் கதகளி ஆட வைக்கிறார், அதுவும் பாரதம்தான். கர்ணன் வருகிறான், துச்சாதனனைப் பீமன் கொல்கிறான். பெரிய கதைகளில் ரகசியம் கிடையாது என்று அங்கே கதைசொல்லியே சொல்லிவிடுகிறார்.

முடிவு தெரிந்துவிட்டால் 'என்ன ஆகும்' என்ற கேள்வி போய், 'யார் யார் கை வைத்தார்கள்' என்ற கேள்வி வருகிறது. காதலைக் காட்டிக்கொடுத்தது வெளுத்தாவின் அப்பனே. வெளுத்தாமேல் போலீசில் பொய்ப் புகார் கொடுத்தது அம்முவின் அத்தை பேபி கொச்சம்மா. கடைசியில் அந்தப் புகாருக்கு 'ஆமாம்' சொல்ல வைக்கப்பட்டது அம்முவின் ஏழு வயசுப் பையன் எஸ்தா.

ஊத்தங்கரை, கல்லூரி மாணவி: முன்கூட்டியே உணர்த்தும் இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது மேடம்?

விளையாட்டாகத் தெரியும் இடங்களில் தேடும்மா. அம்முவின் குழந்தைகள் வெளுத்தாவின் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசுகிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும். பல அத்தியாயம் கழித்து போலீஸ்காரர்கள் அவனை அடித்துப் போட்டுவிட்டு அந்த நகங்களைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள். முதல் சிரிப்புக்கே நமக்குக் கூச்சம் வந்துவிடும்.

ஊர்வலத்தையும் பார். கம்யூனிஸ்ட் கூட்டம் பேபி கொச்சம்மாவின் கையில் கொடியைக் கொடுத்துக் கோஷம் போட வைக்கிறது. அந்த அவமானம்தான் பின்னால் புகாராக மாறுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கெட்ட கனவு கண்டு தேவந்தியிடம் சொல்கிறாள், கோவலனுக்குத் தீங்கு வரும் என்று நேரடியாகவே தெரிகிறது. அதற்கும் அழகு உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது நகச்சாயம்தான். யாரும் எச்சரிக்கவில்லை, பொருள் மட்டும் அங்கே கிடக்கிறது.

ஓசூர்: 1969, 1993 என்று மாறி மாறிப் போகிறது. நோட்டில் வரிசைப்படுத்திக்கொண்டு படிக்கலாமா?

இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதில் அடிபட்ட இரட்டையர்கள் எஸ்தாவும் ராகேலும் முப்பத்தொன்றில் நினைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கே வரிசை இல்லை, எஸ்தாவுக்குப் பேச்சே நின்றுபோயிற்று. அந்தக் குழப்பத்தில் கொஞ்சம் நமக்கும் கிடைக்கட்டும்.

காரிமங்கலம்: ராய் கட்டடக்கலை படித்தவர், அதனால்தான் இப்படி எழுதினாரா?

படித்தவர்தான், டெல்லியில். அதைப் படித்த எல்லாரும் நாவல் எழுதுவதில்லையே!

அரூர்: எல்லாரும் செத்தபிறகு, கடைசி அத்தியாயத்தில் ஆற்றங்கரையில் அம்மு, வெளுத்தாவின் முதல் இரவு. இது வாசகரை ஏமாற்றுவது இல்லையா?

நேர்வரிசையில் சொல்லியிருந்தால் கடைசிப் பக்கங்களில் லாக்கப் இருக்கும், லாட்ஜ் அறையில் தனியாகச் செத்த அம்மு இருப்பாள். சாதி கொடுத்த தண்டனையே முடிவுரை ஆகியிருக்கும். ராய் அந்த இடத்தை அதற்குத் தரவில்லை. நாவலின் கடைசிச் சொல் 'நாளை'. எத்தனை நாளை மிச்சம் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது வேறு மாதிரி உறைக்கும். 2012 நவம்பரில், சாதி தாண்டிய ஒரு கல்யாணத்தை ஒட்டி, தலித் மக்களின் நத்தம் காலனி எரிந்தபோது தலைப்புச் செய்தியாக வந்தது எரிந்த வீடுகளின் கணக்கு. சாதி தாண்டிக் காதலித்தவர்களின் கதை நம்மிடம் சாவிலோ தீயிலோ ஆரம்பித்து அங்கேயே முடிகிறது. அவர்கள் சந்தோஷமாக இருந்த ஒரு இரவையும் சொல்லியாக வேண்டும் என்கிற பிடிவாதம்தான் அந்தக் கடைசி அத்தியாயம். ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பென்னாகரம்: நானும் ஒரு நாவல் எழுதுகிறேன் டீச்சர். துண்டு துண்டாக எழுதிக் கலைத்துவிடலாமா?

முதலில் நேராக எழுதி முடியுங்கள் தம்பி. பிறகு ஒரு துண்டை இடம் மாற்றிப் பாருங்கள். வாசகருக்குக் கூடுதலாக ஒரு பயமோ இரக்கமோ வந்தால் அங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் பழைய இடத்துக்கே போகட்டும். அத்தியாயத் தலைப்பில் வருஷம் போடாதீர்கள். எந்தக் காலம் என்று காட்ட ஒரு கைக்கடிகாரமோ பஸ் டிக்கெட்டோ போதும்.