முழங்காலில் நீர் எடுப்பதைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. நான்கு நாள்களாக வலது முழங்கால் வீங்கிச் சிவந்திருக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை. காய்ச்சல் இல்லை. யூரிக் அமிலம் 7.8 இருந்ததால் கவுட் (யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் வாதம்) என்று மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது எலும்பு மருத்துவர் மூட்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டும் என்கிறார். அதனால் கிருமி உள்ளே போய்விடாதா? முதலில் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தள்ளிப்போட வேண்டாம், இன்றே செய்துகொள்ளுங்கள். ஒற்றை மூட்டு திடீரென வீங்கிச் சூடேறி அசைக்க முடியாமல் போனால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைப் பாக்டீரியாத் தொற்றாகவே கருத வேண்டும். ஏனெனில் சீழ் தங்கும் மூட்டில் குருத்தெலும்பு சில நாள்களிலேயே அரிக்கப்பட்டுவிடும், அது பழையபடி வளர்வதில்லை.

காய்ச்சல் இல்லாததை நம்ப முடியாது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது வராமலே இருப்பதுண்டு. யூரிக் அமில அளவும் அப்படித்தான்: கவுட் தாக்கும்போதே அது இயல்பாக இருக்கலாம், கவுட் இல்லாதவருக்கு உயர்ந்திருக்கலாம், போதாக்குறைக்கு இரண்டு நோயும் ஒரே மூட்டில் சேர்ந்தும் வரும். எடுத்த நீரில் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50,000-க்கு மேல் இருந்தால் தொற்றின் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருப்பதாலேயே தொற்று இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கிராம் சாயச் சோதனையும் கல்ச்சரும் (நீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமியைத் தேடும், நுண்ணோக்கியில் யூரிக் அமிலப் படிகங்கள் தெரிந்தால் கவுட் உறுதியாகும்.

தோலைச் சுத்தம் செய்து, புண்ணில்லாத இடத்தில் செலுத்தும் ஊசியால் கிருமி புகுவது மிக அரிது. மாத்திரையை முதலில் விழுங்குவதுதான் தவறு. அதன் பிறகு கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம், மருந்தை ஊகித்தே கொடுக்க நேரும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்றாலும், தமிழகத்தில் சர்க்கரை நோயாளிகளிடம் காணப்படும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்றை உண்டாக்கும் கிருமிக்கு வழக்கமான மருந்துகள் பல வேலை செய்யாது.

தொற்று உறுதியானால் சீழை ஊசியாலோ நுண்துளை அறுவையாலோ வெளியேற்றி, ஏறத்தாழ இரண்டு வாரம் ரத்தநாளம் வழியாகவும் பிறகு மாத்திரையாகவும், மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். வலி போனதும் நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சில வாரம் இன்சுலின் தேவைப்படலாம்.

காலில் ஆறாத புண், வெடிப்பு ஏதேனும் இருக்கிறதா, சமீபத்தில் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை எண்ணெய் தேய்த்து நீவுவதோ ஒத்தடம் கொடுப்பதோ வேண்டாம்.