அண்ணாச்சி பதில்கள்: பித்தளைத் தகடும் விண்கப்பலும்

கேள்வி: அண்ணாச்சி, 1/350 அளவில் ஸ்டார் டிரெக் எண்டர்பிரைஸ் கிட் (ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் மாடல்) ஒன்று வாங்கினேன். பழைய டிவி தொடரில் வந்த கப்பல். அதற்கென்றே தனியாக விற்கிற போட்டோ எட்ச் (ரசாயனத்தால் அரித்துத் துண்டு துண்டாக வடித்த) பித்தளைத் தகடும் வாங்கிவிட்டேன். பொடிப்பொடியாக ஏகப்பட்ட துண்டுகள், பார்க்கவே பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒட்டத்தான் வேண்டுமா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

வேண்டாம் தம்பி. என் முதல் கப்பலில் தகட்டில் இருந்த அத்தனையையும் ஒட்டினேன். பிளாஸ்டிக்கிலேயே அழகாக வார்த்திருந்த பேனல்களை அரத்தால் தேய்த்துவிட்டு அந்த இடத்தில் பித்தளையை வைத்தேன், பெயின்ட் அடித்து முடித்தபோது எது பித்தளை எது பிளாஸ்டிக் என்று வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு மாத வேலை அது. பித்தளையால் நமக்குக் கிடைப்பது அதன் மெல்லிசு ஒன்றுதான், அந்த மெல்லிசு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் அதை வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கதைப்படி உங்கள் கப்பலின் நீளம் 289 மீட்டர், கிட்டில் அது 82 சென்டிமீட்டர் சொச்சம். அதற்குள் நிற்கிற ஆள் 5 மில்லிமீட்டர்தான், நெல்மணியை விடக் குட்டை. பிளாஸ்டிக்கில் வார்த்த கைப்பிடிக் கம்பி 0.6 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜ அளவில் அது 21 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண் தடிமன், யார் கையும் அதைச் சுற்றிப் பிடிக்காது. 0.15 மில்லிமீட்டர் பித்தளை என்றால் 5 சென்டிமீட்டர், கைக்குள் அடங்கிவிடும். ஆகவே கைப்பிடிக் கம்பி, கிரில், ஆன்டெனா, பின்னால் எல்.இ.டி. வைத்து வெளிச்சம் வரவேண்டிய சல்லடை, சின்னக் கப்பல்கள் வந்து நிற்கிற கூடத்தின் உட்சுவர், இவற்றுக்குப் பித்தளை. வெளி உடம்பு வழவழவென்று இருக்கவேண்டிய கப்பல் அது, அங்கே கை வைக்காதீர்கள். உருண்டைக் குழாய் வரவேண்டிய இடத்திலும் தட்டைப் பித்தளை எடுபடாது.

துண்டுகளில் மெல்லிய பள்ளக்கோடு தெரியும், அதுதான் மடிக்கிற இடம். தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் இறுகுகிற பூச்சு பூசி, படத்தை அதில் பதித்து, இறுகாததைக் கழுவிவிட்டு ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்க விடுகிறார்கள். இரண்டு பக்கமும் அரித்த இடம் ஓட்டையாகிவிடும், ஒரு பக்கம் மட்டும் அரித்த இடம் பாதி ஆழத்தோடு நின்று கோடாகும். கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை கோடு உள்பக்கம் வரும்படி மடியுங்கள், ஒரே தடவையில். மடித்து நிமிர்த்தி மறுபடி மடித்தால் ஒடிந்துவிடும்.

வெட்டும்போது அடியில் டைல்ஸ் துண்டு மாதிரி கெட்டியான ஏதாவது இருக்கட்டும், ரப்பர் மேல் வைத்து வெட்டினால் துண்டு வளைந்துபோகும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஆடிக் காற்று அடிக்கிற நாளாக இருந்தால் ஜன்னலையும் சாத்திவிட்டு, மடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டு உட்காருங்கள், தெறித்த துண்டு அதில்தான் கிடக்கும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, தரையில் விழுந்தால் கண்ணால்தான் தேடவேண்டும்.

கேள்வி: எங்கள் அப்பா நகைப் பட்டறை வைத்திருக்கிறார். சாமணம், அரம், ஊதுகுழல் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பசைக்குப் பதில் பித்தளைத் துண்டுகளைப் பற்றவைத்துவிடலாமா?
– வாசகி, நெல்லை டவுன்

தங்கச்சி, உங்கள் வீட்டில் இருக்கிற சாமான்களுக்காக மற்றவர்கள் கடை கடையாக அலைகிறார்கள். பற்றவைக்கலாம், கப்பலில் ஒட்டுவதற்கு முன்னால். பித்தளையோடு பித்தளை சேர்கிற இடங்களை, அதாவது ஆன்டெனா, ஏணி, பெட்டியாக மடிகிற துண்டு இவற்றையெல்லாம் தனியாக வைத்துப் பற்றவைத்துவிட்டு, ஆறிய பிறகு பிளாஸ்டிக்கில் சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். கிட்டில் இருக்கிற பாலிஸ்டைரீன் 100 டிகிரி சூட்டுக்கே இளகிவிடும். நகைக்கு வைப்பதுபோல வெங்காரமும் பொடியும் வைத்து ஊதுகிற சூடு இந்தத் தகட்டுக்கு ரொம்ப அதிகம், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைக்கிற ஈயப் பற்றே போதும்.

அப்பாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது தகட்டைக் காய்ச்சிப் பதம் வைப்பதை. இன்ஜின் வாய் மாதிரி வளைவான இடத்துக்குப் போகிற துண்டை நெருப்பில் காட்டி, நிறம் மாறியதும் எடுத்துவிட்டால் இளகின பதத்துக்கு வந்துவிடும், பேனாவின் மேல் வைத்து உருட்டினால் சொன்னபடி வளையும். காகிதம் மாதிரி தகடு, கண்ணை எடுத்தால் உருகியே போய்விடும், அதனால் ஓரத்துச் சட்டத்துண்டில் நாலைந்து தடவை பழகிக்கொள்ளுங்கள். மடிப்புத் துண்டுகளை இப்படிக் காய்ச்ச வேண்டாம், மூலை கூர்மையாக வராது. காய்ச்சிய கறுப்பு போகப் பூஜை விளக்குக்குப் போடுகிற அதே புளிதான், கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துச் சோப்பால் அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. காய்ந்ததும் பெயின்ட்டுக்கு அடியில் பூசுகிற பிரைமர் அடியுங்கள், வெறும் பித்தளையில் பெயின்ட் பிடிக்காமல் உரிந்துவிடும்.

கேள்வி: சூப்பர் க்ளூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிட்டது. பசை மோசமா?
– வாசகர், கடையம்

பசையில் தப்பு இல்லை. அது காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது, அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் வெள்ளையாகப் படிகிறது, சாரல் நாளில் உங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். நேராகக் குப்பியிலிருந்து விடாதீர்கள். ஒரு சொட்டைப் பிளாஸ்டிக் மூடியில் விட்டு, ஈர்க்குச்சி நுனியால் தொட்டுவையுங்கள், அந்த அளவே தாராளம். கண்ணாடி மூடி வருகிற காக்பிட் என்றால் ஒரு நாள் திறந்தே கிடக்கட்டும், மூடியை ஒட்ட ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும். பூத்ததை லேசாகத் துடைத்துப் பாருங்கள், போகாவிட்டால் மேலே பிரைமர் அடித்தால் மறைந்துவிடும். ஆனால் பிரைமரை மழை விட்ட வெயில் நாளில் அடியுங்கள், ஈரக்காற்றில் ஸ்ப்ரே பெயின்ட்டும் மங்கலாகிவிடும்.