மொழி தெரியாமல் கொரிய ராப் காதல் பாட்டில் என்னத்தைக் கேட்கிறீர்கள்?

என் வீட்டிலும் இதே கேள்விதான், காரம் மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கல்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது எபிக் ஹை குழுவின் 'உசான்' பாட்டால். 2008இல் வந்தது. உசான் என்றால் குடை. மழை பெய்கிறது, குடைக்குள் பக்கத்தில் அவள் இல்லை, அவ்வளவுதான் விஷயம். அதுகூட எனக்கு ஒரு வருஷம் கழித்து மொழிபெயர்ப்பைப் படித்தபோதுதான் தெரியும். அதுவரை பிடித்துவைத்திருந்தது திரும்பத் திரும்ப வரும் பியானோவும், அவசரமே படாத டிரம்ஸும்தான். சரணமெல்லாம் ராப்; பல்லவியை யுன்ஹா என்ற பாடகி பாடுகிறார். இந்த வகைப் பாட்டுகளில் இந்த ஏற்பாடு ரொம்ப சகஜம். ராப் பாடுகிறவன் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே சொல்லிக்கொண்டு போகிறான். தன்னால் அழ முடியாமல், அதற்கு மட்டும் இன்னொரு குரலைக் கூப்பிட்டுக்கொண்டது போல இருக்கும்.

அப்புறம், மொழி. தமிழைப் போலவே கொரியத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். 'வந்தேன், நின்றேன், அழுதேன்' என்று நாமும் சுலபமாக இயைபு போட்டுவிடலாம், நாலாவது வரியில் சலித்துவிடும். அங்கேயும் அதே தொல்லை. விட்டால் வரிக்கு வரி 'தா', 'யோ' என்றே முடியும். இதிலிருந்து வெளியே வர, பல அசைகளைக் கோத்து இயைபு கட்டும் வழியைக் காட்டியவர்களில் முக்கியமானவர் வெர்பல் ஜின்ட் என்ற கொரிய ராப்பர். அவருடைய 'மாடர்ன் ரைம்ஸ்' என்ற பாட்டுத் தொகுப்பு 2001இல் வந்தது. அர்த்தம் தெரியாத காதுக்கும் அந்தக் கோர்வை கேட்கும். நாம் எதுகை மோனையில் வளர்ந்தவர்கள் இல்லையா!

இன்னொன்று. 'ப்ப', 'த்த', 'க்க' மாதிரி இறுக்கிச் சொல்லும் மெய்கள் கொரியத்தில் உண்டு. சொல்லின் முதலிலேயே வரும். மெதுவான பாட்டில் அவை விழும் இடத்தைக் கவனியுங்கள். டிரம்ஸ் சும்மா இருக்கும்போதும் ஒரு தட்டு கேட்கும்.

எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொல்லவில்லை. பல்லவியில் சர்க்கரையைக் கொட்டிக் கெடுத்தவை நிறைய.

கேட்பதென்றால் ஹெட்போனில் கேளுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் காணாமல் போய், பக்கத்து வீட்டில் யாரோ கணக்குத் தகராறு பேசுகிற மாதிரி இருக்கிறதாம். என் மனைவி சொன்னது.