டாவி செய்த பிறகு வால்வு கசிகிறது என்றால் திரும்பவும் ஒப்பரேஷனா?

அம்மாவுக்கு டாவி (நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியாக இதயத்தின் பெருநாடி வால்வு வைப்பது) செய்து ஒரு மாதம், எக்கோவில் (இதய ஸ்கேனில்) 'வால்வைச் சுற்றி லேசான கசிவு' என்று எழுதியிருக்கிறார்கள், திரும்பவும் வெட்ட வேண்டி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. ஆனால் என் அப்பாவின் வால்வும் கசிகிறது. வெள்ளவத்தையில் இரண்டு வருடமாக அதோடுதான் குடித்தனம்.

டாவியில் பழைய வால்வை எடுப்பதில்லை. அதை ஓரமாக நெருக்கிக்கொண்டு புதியது உள்ளே விரியும். பழையதில் சுண்ணாம்பு கட்டி கட்டியாகப் படிந்திருந்தால் ஒரு பக்கம் சரியாக ஒட்டாது. அந்த இடுக்கால் இரத்தம் பின்னுக்கு வரும். "பைப்புக்கு வொஷர் சரியா இருக்கேல்லை, அவ்வளவுதானே" என்றார் அப்பா. கிட்டத்தட்டச் சரிதான். வால்வின் நடுவால் கசிந்தால் கதை வேறு. இதழில் பழுதா, இரத்தக்கட்டியா, கிருமித் தொற்றா என்று தேடுவார்கள்.

லேசான கசிவு பலருக்கு உண்டு. பெரும்பாலும் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். தானாக விரியும் வகை வால்வு என்றால் நாள்போக்கில் இன்னும் கொஞ்சம் விரிந்து கசிவு குறைவதும் உண்டு. மிதமானதும் அதற்கு மேலும்தான் வில்லங்கம். வால்வு வைக்கும்போதே தெரிந்தால் பலூனால் இன்னொருமுறை விரிப்பார்கள். இடம் தப்பியிருந்தால் உள்ளே இரண்டாவது வால்வு வைப்பார்கள். பிறகு தெரிந்தால் குழாய் வழியாகவே இடுக்கில் சின்ன அடைப்பான் வைக்கலாம். நெஞ்சைத் திறப்பது அநேகமாகக் கடைசி வழி. குளிசை ஓட்டையை அடைக்காது. சலம் போகும் குளிசை நீர்க்கட்டையும் இளைப்பையும் குறைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணிக்கு முன் அப்பா தராசில் ஏறவேண்டும். நிறையை கலண்டரில் எழுதுவோம். ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்து இரண்டு நாள், "செருப்பு சுருங்கிப்போச்சு" என்றார். பார்த்தால் கணுக்காலில் விரல் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கலண்டரில் 61, அப்புறம் 63 கிலோ. மூன்று நாளில் 2 கிலோ கூடினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனோம்.

சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனாலும் உடனே காட்டுங்கள். இடுக்கால் வேகமாகப் பாயும்போது சிவப்பணுக்கள் உடைவதுண்டு. பல் பிடுங்கப் போனால் வால்வு வைத்ததை முதலிலேயே சொல்லுங்கள், முன்கூட்டி அன்டிபயோட்டிக் தருவார்கள். அப்பா சொல்ல மறப்பார், அதனால் வால்வு அட்டை அவருடைய பேர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.