கால்சியமும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே மடக்கிலா?

கேள்வி: எனக்கு வயது 63. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என 7 நாளுக்கு டாக்டர் எழுதித் தந்தார். வழக்கமான கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்தே விழுங்குகிறேன். 3 நாள் ஆகியும் எரிச்சல் குறையவில்லை. மருந்தில் வலு போதாதா?

பதில்: மருந்தில் வலு இருக்கும், உள்ளே போய்ச் சேருகிறதா என்பதுதான் என் சந்தேகம். கால்சியமும் இரும்பும் வயிற்றுக்குள் சிப்ரோஃப்ளாக்சசினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்டது ரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு போய்விடும். பாலோடு விழுங்கினாலும் இதே கதைதான். மருந்துச் சீட்டில் இதை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குத்தான் யாருக்கும் நேரமில்லை!

கணக்கு எளிது. சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்பு, இல்லையென்றால் 6 மணி நேரம் கழித்து ஆன்டிபயாட்டிக். காலை 7, இரவு 7 என்று வைத்துக்கொண்டால் பகல் 1 மணி சத்து மாத்திரைக்குத் தோதான நேரம். டாக்டர் சரி என்றால் மிச்ச நாட்களுக்குச் சத்து மாத்திரைகளை நிறுத்தியே வைக்கலாம், குடி முழுகிவிடாது. ஆனால் 3 நாளில் எரிச்சல் குறையாததை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், கிருமி இந்த மருந்துக்கு மசியாத ரகமாகவும் இருக்கலாம். சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எடுத்தால் தெரிந்துவிடும். காய்ச்சல், முதுகுவலி, வாந்தி இருந்தால் இன்றே போங்கள்.

அடுத்தது மருந்துக்கடை கவுன்டர். "வயிறு எரியாமல் இருக்க இதையும் போடுங்க" என்று சீட்டில் இல்லாத கேஸ் மாத்திரை ஒன்றைக் கூடவே நீட்டுவார்கள். அதில் பெரும்பாலும் அலுமினியமும் மெக்னீசியமும்தான். கால்சியம் செய்யும் அதே வேலையை இவையும் செய்யும். உடம்பு வலி என்று வாய் திறந்தால் டிசானிடின் என்ற தசை தளர்த்தும் மருந்து கலந்த மாத்திரை வரும். அதை சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும். சீட்டில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரென்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், சர்க்கரை திடீரென்று தாழலாம்.

எழுதிக்கொடுத்த அத்தனை நாளும் ஆன்டிபயாட்டிக்கைப் போடுங்கள் என்பதுதான் பொதுவிதி. உங்கள் வயதில் இதற்கொரு விதிவிலக்கு உண்டு, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் கயிறு மாதிரி ஓடுகிறதே, அந்தத் தசைநாண் சிப்ரோஃப்ளாக்சசினால் வீங்கலாம், அறுந்தும் போகலாம். 60 வயது தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொன்ன விஷயம் இது. மாடிப்படி ஏறும்போது அங்கே சுரீரென்றால், ஒரே ஒரு காலில் என்றாலும், அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். காலுக்கு ஓய்வு கொடுத்து அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மருந்து முடிந்து சில மாதம் கழித்துக்கூட இந்த வலி வரலாம். அப்போதும் பழைய ஆன்டிபயாட்டிக்கின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள். கடையில் ஸ்டெராய்டு மாத்திரை வாங்கி அந்த வலியை அடக்கப் பார்க்காதீர்கள், நாண் அறும் வாய்ப்பை ஸ்டெராய்டு இன்னும் கூட்டும்.